முதல் பீரியட் கணக்கு

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாயில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சமூகக் கொள்கையும் புள்ளியியலும் சேர்ந்த படிப்பு. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை என்னைக் கேட்காத ஆள் இல்லை. எனக்கும் பதில் தெரியாது. ஜனங்களின் கஷ்டத்தை ஒழுங்காக எண்ணிப் பார்த்தால் காரணம் பிடிபடும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அதை அப்படியே நம்பினேன்.

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பெண் பிள்ளைகள் வருஷா வருஷம் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்குக் கணக்கு ஏறாது, ஐந்தாம் வகுப்போடு அதை நிறுத்திவிட்டுத் தையல் வைத்துவிடலாம் என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். கணக்கு இல்லையென்றால் ஹைஸ்கூல் கிடையாது. அந்தப் பிள்ளைகளின் படிப்பு அதோடு சரி. முடிவெடுக்குமுன் ஓர் ஆய்வு நடக்கட்டும் என்று பள்ளிக் கமிட்டியில் யாரோ சொல்ல, அது எங்கள் பேராசிரியரிடம் வந்து, தமிழ் தெரிந்தவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

அது நானும் என் அக்காவும் படித்த பள்ளிதான். சின்ன வயதில் தாராவியில் இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் பதவி உயர்ந்ததும், சயானில் வீட்டுக்குள்ளேயே குழாய் உள்ள இடத்துக்கு மாறிவிட்டோம். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கணக்கு வரவே இல்லை. வீட்டில் அவளுக்கு மக்கு என்றே பெயர், அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். அதனால் தலைமையாசிரியர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்போடுதான் நான் வேலையைத் தொடங்கினேன்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். பிள்ளைக்கு ஒரு அட்டை போட்டு வீட்டு வருமானம், அப்பாவின் படிப்பு, பள்ளியில் வாங்கிய மதிப்பெண் எல்லாம் குறித்தேன். துறையில் ஒரே ஒரு கணக்கு இயந்திரம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கடகடவென்று ஓடி, கடைசியில் ஒரு மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு கணக்குப் போடலாம் போலிருக்கும். நான் எண்களை வாசிக்க, என்கூடப் படித்த மராத்தி நண்பன் சுற்றுவான். வருமானத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருக்கும் என்று பார்த்தால் இல்லை. அப்பாவின் படிப்புக்கும் இல்லை. "ஃபிர் ஸே கர்" என்பான் அவன். மறுபடி போடுவோம். மறுபடியும் ஒன்றும் இல்லை. எனக்கு வெறுத்துப் போயிற்று.

மறுபடி வீடுகளுக்குப் போய் வர வசதியாக இருக்கட்டும் என்று ஒருநாள் அட்டைகளைச் சந்து வாரியாக அடுக்கினேன். கணக்கில் தோற்றவர்களின் அட்டையில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். இரண்டு சந்துகளின் கட்டுகள் ஒரே சிவப்பு. அதை ஒட்டிய மூன்றாவது சந்தில் சிவப்பையே காணோம். அதே ஜனங்கள், அதே கூலி. இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிவப்புக் கோடு விழுந்த பிள்ளைகள் தமிழிலும் பூகோளத்திலும் நன்றாகவே வாங்கியிருந்தார்கள். மக்குப் பிள்ளைக்குத் தமிழ் மட்டும் எப்படி வரும்? எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

மறுநாள் காலையிலேயே அந்தச் சிவப்புச் சந்துகளில் ஒன்றுக்குப் போய் நின்றேன். குழாயடியில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. குடங்களுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பாவாடையும் சட்டையுமாகப் பிள்ளைகள். பள்ளி மணி அடித்தது. யாரும் அசையவில்லை. ஒரு அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி இப்பந்தான வருது. நான் அடுப்பப் பாக்கவா, லைன்ல நிக்கவா? இவ நின்னு புடிச்சுக் குடுத்துட்டுப் போவா. ஒரு பீரியடு போனா குடியா முழுகிரும்?" என்றார்.

மூன்றாவது சந்துக்குத் தண்ணீர் சாயங்காலம் வரும். ஒரே ஓட்டமாகப் பள்ளிக்கு ஓடி, சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தேன். எல்லா நாளும் முதல் பீரியட் கணக்கு. பிந்தி வருகிறவர்களுக்கும் ஆசிரியர்கள் இரக்கப்பட்டு வருகை போட்டுவிடுவதால், இது யார் கண்ணிலும் படவில்லை. அதே சந்துப் பையன்களின் மதிப்பெண்ணையும் எடுத்துப் பார்த்தேன். அவர்களுக்குக் கணக்கு வந்தது. அவர்கள் தண்ணீர் வரிசையில் நிற்பதில்லையே. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நண்பனைக் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

கமிட்டி முன்னால் போய் அட்டைகளைக் காட்டிப் பேசினேன். பிள்ளைகள் நேரத்துக்கு வருவதுதான் முறை என்று தலைமையாசிரியர் விடாமல் வாதாடினார். கணக்கு வகுப்பை ஒரு பருவத்துக்கு மட்டும் மத்தியானத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்று கேட்டேன். செலவில்லாத யோசனை என்பதால் ஒப்புக்கொண்டார்கள். பருவத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களை வாங்கி அங்கேயே உட்கார்ந்து அட்டைகளில் குறித்தேன். சிவப்புப் பென்சிலுக்கு அதிகம் வேலை இல்லை. தையல் யோசனையைத் தலைமையாசிரியரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சயானுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியாது. அக்கா குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏல, அப்பம் நான் மக்கு இல்லியா?"

எங்கள் பழைய வீடும் அந்தச் சந்தில்தான், அன்றைக்கும் முதல் பீரியட் கணக்குதான். இவள் குடத்தோடு நின்ற வரிசையைத் தாண்டித்தான் நான் தினமும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறேன். இத்தனை அட்டை எழுதியும் அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"இல்லக்கா" என்றேன். அவள் அழுதாள், உடனே சிரித்தாள். அரிசியை உலையில் போட்டுவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னக் கணக்கு என்றால் என்ன, முதலிலிருந்து சொல்லு என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் செய்துவிட்டேன். இன்றைக்கும் ஒருவருக்கு ஒன்று வராது என்று யாராவது சொன்னால், அதைச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.