வாலைப் பிடித்தவர்

மல்லாங்கிணற்றுக்கு வரும் கால்நடை மருத்துவர் ஒல்லியான பெண். தோள் வரை கையுறை மாட்டினால் இன்னும் ஒல்லியாகத் தெரிவார். மாட்டின் வாலை யார் பிடிக்கிறாரோ அவரிடம்தான் எல்லாம் சொல்வார். மாடு யாருடையது என்று கேட்பதில்லை.

எங்கள் பசு அடிக்கடி பருவத்துக்கு வந்து கத்தியது. சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. அதை அடிமாட்டுக்கு விலை பேசத் தரகர் வந்த அன்றுதான் மருத்துவரும் வந்தார். பக்கத்தில் நின்றதால் வால் தரகர் கைக்குப் போனது.

"கருமுட்டை வெடிச்சு வெளிய வரல அண்ணாச்சி, நீர்க்கட்டியா நிக்குது," என்றார், கையை உள்ளே விட்டபடி.

"கையாலயே நசுக்கி விட்டுருங்கம்மா."

"நசுக்குனா உள்ள ரத்தம் கசியும். மூளையில சுரக்க வேண்டியது சரியா சுரக்கல, அதை ஊசியா போடுறேன். அடுத்த வாரம் இன்னொண்ணு. பெறகு பருவத்துக்கு வந்தா உடனே சொல்லுங்க. நீங்கதான் பாத்துக்கிடணும்."

தரகர் தலையாட்டினார்.

மருத்துவர் போனதும், "வெலை பேசலையா?" என்றேன்.

"டாக்டரம்மா என்கிட்டல்ல சொல்லிட்டுப் போறாக," என்று கிளம்பினார்.

அடுத்த வாரம் மருத்துவருக்கு முன்பே வந்து வாலைப் பிடித்து நின்றார்.

பசு இப்போது சினை. அவர் தரகர் என்பது மருத்துவருக்குத் தெரியுமா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.