நான் தேய்த்துவிட்ட குழாய்கள்

அம்மா இறந்து நான்காவது மாதம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மாரியூருக்குப் பக்கத்தில், உப்பளம் முடிந்து கடற்கரை தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு தொட்டிகள். தொட்டிக்குள் குழாய்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சூடு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்றவன் நான். நம்பரைப் பார்த்து எழுதுவதற்குத் தோற்றவன் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் அபிராமத்துக்கு அந்தப் பக்கம். தினமும் போய்வர முடியாது. அதனால் வாரம் முழுக்கக் கொட்டகையிலேயே தங்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய், திங்கள் விடிவதற்குள் திரும்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால், வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா மிளகாய்க் கொல்லைக்குப் போய்விடுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வேலைக்கு எடுத்தது ஓர் அக்கா. வெளியூர் காலேஜில் கெமிக்கல் இன்ஜினியரிங் ஆராய்ச்சி செய்கிறவர். என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். சனிக்கிழமைதோறும் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவார். முதல் நாள் என்னிடம் கேட்டார்.

"தம்பி, உங்க வீட்டுக் குக்கருக்குப் பிடி எதுல இருக்கு?"

"பிளாஸ்டிக்குக்கா."

"ஏன்?"

"கை சுடக் கூடாதுல்ல."

"அதுதான் எனக்குத் தலைவலி. இரும்பு, செம்பு எல்லாம் சூட்டை நல்லாக் கடத்தும். ஆனா கடல்தண்ணி அதைத் தின்னுரும். பிளாஸ்டிக்கைத் திங்காது. ஆனா அது சூட்டை விட மாட்டேங்குது."

அதற்காக அவர்கள் பென்சில் முனையில் இருக்கிற கரித்தூளைப் பிளாஸ்டிக்கில் கலந்து, தொட்டால் நசுங்கிவிடுமோ என்கிற அளவுக்கு மெல்லிசாகக் கறுப்புக் குழாய்கள் செய்திருந்தார்கள். கூரைமேல் வெயிலில் சூடான கடல்தண்ணீர் தொட்டிக்கு வரும். குழாய்க்குள் பச்சைத்தண்ணீர் ஓடும். உள்ளே போகும்போது எவ்வளவு சூடு, வெளியே வரும்போது எவ்வளவு சூடு, அந்த வித்தியாசம்தான் நான் எழுதுவது. ஒரு தொட்டியில் கறுப்புக் குழாய். இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்க உலோகக் குழாய். இது நன்றாக வந்துவிட்டால் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற சின்ன மெஷினை எந்த ஊரிலும் வைக்கலாம் என்றார்.

"எத்தனை நாளைக்குத் தாங்குதுன்னு பாக்கணும். நீ எதையும் மாத்தாத. தண்ணி குறைஞ்சா ஊத்து, மணிக்கு மணி எழுது. அவ்வளவுதான்."

தாங்குகிறது என்றால் உடையாமல் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாள் காலை தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். கறுப்புக் குழாய்மேல் லேசாக வெள்ளை படிந்திருந்தது. எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்த வெள்ளை நன்றாகத் தெரியும். போர்த்தண்ணீர் உப்பு. காலையில் பளபளவென்று இருக்கிற பானை சாயங்காலம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆகிவிடும். அம்மா தினம் விடிந்ததும் தேங்காய் நாரும் புளியும் வைத்துத் தேய்ப்பாள். போகாத இடத்துக்குக் கொஞ்சம் மணல். உடம்பு முடியாமல் கிடந்தபோதுகூட என்னைப் பார்த்து, "பானை வெளுத்துக் கெடக்கு பாரு, ஆளில்லாத வீடு மாதிரி" என்றாள். அப்போதுதான் நான் தேய்க்கத் தொடங்கினேன். அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. கை ஓடிக்கொண்டிருந்தால் தலை சும்மா இருக்கும். சுத்தமாக இருந்த பாத்திரத்தையும் எடுத்துத் தேய்த்திருக்கிறேன். அய்யா ஒரு நாள், "ஏலே, ஓட்டை விழுந்துறப் போகுது" என்று சட்டியைப் பிடுங்கி வைத்தார்.

ஆகவே கறுப்புக் குழாயையும் தேய்த்தேன். நாரு, புளி, இடுக்குக்கு மணல். முதல் கணக்கு எழுதுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவேன். உலோகக் குழாயில் வெள்ளை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதை விட்டுவிட்டேன். சுத்தம் செய்வதை மாற்றுவது என்று யாராவது சொல்வார்களா?

உப்பளத்தில் வேலை செய்கிற மதினி ஒருத்தர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினம் வம்பிழுப்பார்.

"என்ன கொழுந்தனாரே, குழாய்க்கு எண்ணெய் தேச்சாச்சா?"

"புளிதான் மதினி."

"ஒன்னையக் கட்டிக்கப்போறவ குடுத்துவச்சவ. கல்யாணத்தன்னைக்கே சட்டி விளக்க விட்ரலாம்."

எட்டு வாரம் இப்படியே போனது. அதுவரை வாரக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போன அக்கா, ஒன்பதாவது சனிக்கிழமை நோட்டை முதலிலிருந்து புரட்டினார். மூடியைத் திறந்து கறுப்புக் குழாயை விரலால் தடவினார். விரலை வெயிலில் காட்டிப் பார்த்தார். அப்புறம் குழந்தை மாதிரி ஒரு குதி குதித்துவிட்டு, காலேஜ் சாருக்குப் போன் போட்டார்.

"சார், ரெண்டு மாசத்துல ஒரு பொட்டு உப்புப் படியல சார்! மெட்டல் குழாய் வாராவாரம் எறங்கிக்கிட்டே போகுது. நம்ம குழாய் ஏதோ துளித்துளிதான் எறங்கியிருக்கு. ஆமா சார், ஒட்டவே இல்ல!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினி சத்தமாகச் சொன்னார். "தம்பி தெனம் குளிப்பாட்டுதுல்ல, மின்னாம என்ன செய்யும்?"

அக்கா சிரித்தார். நல்ல கேலி என்று நினைத்துக்கொண்டார். அந்த வெள்ளை எவ்வளவு படிகிறது, படிந்தால் சூடு எவ்வளவு குறைகிறது, இதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அவர் காத்திருந்த ஒன்றையே நான் தினம் காலையில் வழித்துக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா பஜ்ஜி வாங்கித் தந்தார். சாப்பிட்டேன். அடுத்த மாதம் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன். பஸ் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அய்யாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"குழாய் ஒடஞ்சுபோச்சா?"

"இல்லைய்யா."

"பெறகென்ன? தேச்சதுக்கா வேலையை விட்டுத் தூக்குவாக?"

"தேச்சதுக்கு இல்ல. அந்தக்கா இல்லாததை இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லப்போகுது. என்னால."

அய்யா ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு அதெல்லாம் வெளங்கலப்பா" என்றார். "ரசம் ஊத்திக்க."

திங்கட்கிழமை நான் தேய்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். செவ்வாய் வெள்ளை கனத்தது. புதன்கிழமை கறுப்பே தெரியவில்லை. நம்பர் இறங்கியது. புதன் பத்து மணிக் கணக்கைப் பார்த்துவிட்டு, போன வாரத்து நம்பரையே நோட்டில் எழுதினேன். பதினொரு மணிக்கும் அதையே எழுதினேன். யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. தேய்த்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்வது. இரண்டையும் அடித்துவிட்டு நிஜ நம்பரைப் பக்கத்தில் எழுதினேன். குழாயைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது.

"தம்பி, இது எந்தக் குழாய்?"

"கறுப்புக் குழாய்தான்க்கா. மூணு நாளாத் தேய்க்கல."

"தேய்க்கலையா? அப்படின்னா?"

"அதுக்கு முன்னாடி தெனமும் தேச்சேன்."



"எதை வச்சு?"

"தேங்காய் நாரு. அப்புறம் புளி."

"புளியா?"

"கொஞ்சம் மணலும்."

போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே அக்கா வந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது. ஒரு குழாயைக் கழற்றி, ஓரத்தில் வெள்ளையைத் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். என்னிடமும் கொடுத்தார். வழவழவென்று இருக்க வேண்டிய குழாய்மேல் உழுத கொல்லை மாதிரிக் கோடு கோடாக இருந்தது.

"இந்தக் கீறல்ல உப்பு இன்னும் நல்லாப் புடிச்சுக்கும். இனிமே தேய்க்காம விட்டாலும் இது பழைய குழாய் இல்ல. ரெண்டு மாசம் போச்சு. சார்கிட்ட நான் என்ன சொல்லுவேன்? எதையும் மாத்தாதன்னு சொன்னேன்ல?"

"மாத்துறதா நெனைக்கலக்கா."

"பெறகு என்னதான் நெனச்ச?"

நான் அம்மாவைச் சொன்னேன். பானையைச் சொன்னேன். கை சும்மா இருந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொன்னேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"அம்மா இல்லைங்கறதை எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் அக்கா.

"நீங்க கேக்கலக்கா."

அவர் மணல்மேல் உட்கார்ந்துவிட்டார். நானும் தள்ளி உட்கார்ந்தேன். நோட்டையும் கொட்டகைச் சாவியையும் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மதினி தண்ணீர்க் குடத்தோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்து, என்ன என்று கேட்டார். அக்காவே சொன்னார். மதினிக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

"இதுக்கா அழுகுறீக? தண்ணி குடிக்கிற மெசினுல வெள்ளை படிஞ்சா தேய்க்காம, பொட்டு வச்சுக் கும்பிடுவாகளா? இங்கன எந்த வீட்டுல கொண்டுபோய் வச்சாலும் மறுநாளே நாரை எடுத்துருவாளுக. நானே எடுப்பேன்."

அக்கா மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் சாருக்குப் போன் போட்டார். அந்தப் பேச்சு சுலபமாக இல்லை. சார் திட்டுவது எனக்கே கேட்டது. அக்கா எதையும் மறைக்கவில்லை. போன வாரம் சொன்னது தப்பு, கூட்டத்துக்குக் கொடுத்த பேரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்குப் பிறகுதான், "ஆனா சார், இதை வாங்குறவங்க தேய்ப்பாங்க சார். அதை நாம யோசிக்கவே இல்ல" என்றார். சார் திட்டுவதை விட்டுவிட்டு எதையெதையோ கேட்க ஆரம்பித்தார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாவியை எடுத்து உள்ள வை. காத்துல மணல் மூடிறப் போகுது."

புதுக் குழாய்கள் வர ஒரு மாதம் ஆனது. இப்போது மூன்று வரிசை. முதல் வரிசையைத் தொடவே கூடாது. இரண்டாவதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூன்றாவதை நாரும் புளியும் மணலும் வைத்து, முன்பு செய்த மாதிரியே தேய்க்க வேண்டும். அப்படித் தேய்க்க இங்கே எனக்குத்தான் கைப்பழக்கம் என்பதால் அதை அக்கா என்னிடமே விட்டார். முன்பு தேய்த்த கதை முழுவதையும் என் கையெழுத்திலேயே எழுதித் தரச் சொன்னார். மூன்று பக்கம் வந்தது. எழுத்துப்பிழையைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஐந்து வாரம் ஆகிறது. தேய்த்த வரிசை, போன தடவை மாதிரியே, துளித்துளியாக இறங்குகிறது. துணியால் துடைத்த வரிசை அசையாமல் நிற்கிறது. அதைப் பற்றி அக்கா இன்னும் யாருக்கும் போன் போடவில்லை. "இன்னும் நாலு மாசம் போகட்டும்" என்கிறார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் அந்த வரிசையின் கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்.

எனக்குக் கஷ்டம் முதல் வரிசைதான். வெள்ளை ஏறிக்கொண்டே போகிறது. பார்க்கப் பார்க்கக் கை பரபரக்கும். அதற்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சும்மா உட்கார்ந்தால் அம்மா வருவாள். முன்பெல்லாம் அதற்குப் பயந்துதான் நாரை எடுத்தேன். இப்போது வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். கொஞ்ச நேரம் இருக்கிறாள். மணி ஆனதும் நான் எழுந்து போய், மூன்று வரிசைக்கும் என்ன நம்பரோ அதை எழுதுகிறேன்.