அம்பு சோதிக்கத் தொங்கவிட்ட பருப்பு

கித்துல்கலையில் ஆற்றோரக் கேம்ப் ஒன்றில் நான் பாத்திரம் கழுவுகிறேன். இன்றைக்கு அதிலிருந்து தப்ப ஒரு வழி வந்தது.

அங்கே வில் பழக்கும் சிங்கள அண்ணா பன்னிரண்டு மூங்கில் அம்புகளைக் கொடுத்தார். என்னைத் தங்கச்சி முறையில் 'நங்கி' என்பார். "நங்கி, எது எவ்வளவு வளையுதுன்னு பார்த்துப் பிரிச்சுக் குடு. சரியா செஞ்சா இனி என்கூட மைதானத்துல நிக்கலாம்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, யூடியூப் பார்த்து, பலகையில் இரண்டு ஆணி அடித்தேன். அம்பை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டத்தில் பார்க்க வேண்டும்.

கடையில் மணலை நிறுத்துத் தரச் சொல்ல வெட்கம். பருப்பு கேட்டேன்.

"ஒரு கிலோவா போட்டுடவா மகள்?" என்றார் கடை நானா.

"இல்லைங்க நானா, 880 தான்."

கடையே திரும்பிப் பார்த்தது.

முதல் ஆறு அம்பும் நன்றாக வளைந்தன. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து பார்த்த ஆறும் விறைப்பாக நின்றன. வளைந்தவற்றுக்குச் சிவப்பு நூல், விறைத்தவற்றுக்கு நீல நூல் கட்டி, பதினொரு மணிக்கே கேம்பில் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பகல் சோற்றுக்குப் பருப்புக் கறி.

"ஏதும்மா பருப்பு?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீதானடி ஆணிக்கு நடுவுல தொங்க விட்டிருந்த. தண்ணிக்குப் போனப்ப நாலு பிடி அள்ளிக்கிட்டேன்."

பாரம் குறைந்தால் எந்த அம்பும் விறைப்பாகத்தான் தெரியும்.

மூன்று மணிக்கு அந்த அம்புகளை எய்ய வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். போன் கையில்தான் இருக்கிறது. நீல நூல் ஆறையும் நாங்கள் கறி வைத்துவிட்டோம் என்று அண்ணாவிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் மூன்று மணிக்குள் எழுதுங்கள்.