வாய்மேல் போன கை

எனக்கு எத்துப்பல். சிரித்தாலும் பேசினாலும் வலது கை தானாகப் போய் வாயை மூடிக்கொள்ளும். மேடையில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவனுக்கெல்லாம் மாலை விழுந்த காலம் அது. எனக்கும் பேச்சு நன்றாக வரும். ஆனால் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். வாயைப் பொத்திக்கொண்டு என்னத்தைப் பேசுவது?

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு. எங்கள் ஊரில் மிராசுதாரிடம் பண்ணையாள் பேச வேண்டுமென்றால் துண்டை அக்குளில் இடுக்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். தாத்தா கடைசிவரை அப்படித்தான் பேசினார். சங்கத்தில் சேர்ந்து அந்தக் கையை இறக்கியவர் அப்பா. அறுப்புக் கூலிச் சண்டையில் மிராசுதார் ஆட்கள் அடித்து அவருக்கு முன்பல் இரண்டும் போயின. பிறகு அவர் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தைவிட்டு வெளியேற்ற வழக்கும் போட்டார்கள்.

ஒருமுறை வழக்கு வாய்தாவுக்கு அவருடன் மன்னார்குடி போயிருந்தேன். மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கோர்ட்டு வாசலில் என்னை நிறுத்தி, "எத்தனாவது படிக்கிற?" என்றார்.

"ஒன்பதாவது" என்றேன். கை வாய்க்குப் போய்விட்டது.

காரியக்காரர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல, புள்ளய மரியாதையாத்தான் வளத்துருக்க."

அப்பா என் கையில் பட்டென்று ஓர் அடி போட்டார். "கைய எடு."

பஸ்ஸிலும் விடவில்லை. "யாரு சொல்லிக்குடுத்தா? ஒங்க பள்ளிக்கூடத்து டீச்சரா? மிராசுதாருக்குச் சொந்தக்காரியா அது?"

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "யாரும் சொல்லிக்குடுக்கல. என் பல்லப் பாருப்பா. பாத்துட்டு அடி."

பார்த்தார். அந்த வாரமே பல்லைச் சரிசெய்ய என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பல்லுக்குக் கம்பி போடுவதற்கு எங்களுக்குத் தெரிந்து தஞ்சாவூரில் ஒரே ஒரு டாக்டர்தான். முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "அட, என் மாமனார் ஊரு" என்றார். மாமனார் யாரென்று விசாரித்தால், வழக்குப் போட்ட அதே மிராசுதார். அப்பா விருட்டென்று எழுந்துவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கை வாய்மேல் இருந்தது. வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் எது செய்தாலும் அப்பாவுக்குச் சந்தேகம். எனக்கும் தொற்றிக்கொண்டது. வரிசை சரியாக வேண்டுமென்றால் நாலு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார் டாக்டர்.

"சொத்த இல்லாத பல்ல எதுக்குப் புடுங்குறீங்க?"

"எடம் பத்தலைங்க. அப்பத்தான் மத்த பல்லு உள்ள போகும்."

சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து அப்பா முணுமுணுத்தார். "ஒழுங்கா இருக்குறவன வெளியேத்துறதே இவங்களுக்குப் பொழப்பு."

வாய்க்குள் மாவை வைத்து அழுத்தி என் பல்லுக்கு அச்சு எடுத்தார்கள். வெள்ளையாக வார்த்து அலமாரியில் வைத்தார்கள். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "எங்கப்பன்கிட்ட வெத்துத்தாள்ல கைநாட்டு வாங்குனாங்க. இப்ப ஒன் பல்ல வாங்கி வெச்சிருக்கான். எதுக்குன்னு கேளு."

கேட்டேன். பல் எவ்வளவு நகர்ந்தது என்று ஒத்துப் பார்ப்பதற்கு என்றார் டாக்டர். நாங்கள் நம்பவில்லை. போகும்போதெல்லாம் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். கம்பியை முறுக்கிய நாளில் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்க முடியும். வேண்டுமென்றே இறுக்குகிறானோ பாவி என்று அழுதுகொண்டே குடிப்பேன். வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. பல் மட்டும் சொன்னபடி நகர்ந்தது.

கம்பியை எடுத்த அன்று டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். சிரித்துப் பார்த்தேன். வலது கை எழும்பியது. இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அலமாரியிலிருந்து அந்த அச்சை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "இத நீங்களே வெச்சுக்குங்க." அப்பா அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். என் பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். என்னையறியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்துவிட்டார், அந்த அறையில் முதல்தடவையாக.

"உங்களுக்கும் முன்னாடி ரெண்டு இல்லையே, கட்டிரலாமே" என்றார் டாக்டர். "எப்படிப் போச்சு?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. கை மெல்ல எழும்பி வாயைப் பொத்திக்கொண்டது. எந்த மிராசுதாருக்கு முன்னால் அதை இறக்கினாரோ, அவருடைய மாப்பிள்ளைக்கு முன்னால்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "கைய எடுப்பா. சொல்லு."

அப்பா டாக்டரை நேராகப் பார்த்தார். "ஒங்க மாமனாரக் கேளுங்க."

டாக்டர் நாற்காலியைக் காட்டிவிட்டு விளக்கை இழுத்துத் திருப்பினார். அப்பா விளக்கை ஒரு பார்வை பார்த்தார், அவரை ஒரு பார்வை பார்த்தார். அச்சை என்னிடம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து வாயைத் திறந்தார்.