கார்டுக்கு ஏற்ற டாக்டர்

என் கணவருக்கு மனசு சரியில்லாமல் போனது எங்கள் மகள் பிறந்த நாலாம் மாதத்தில். எனக்கு உடனே தெரிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

மட்டாஞ்சேரியில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் அவருக்கு வேலை. செக்கு அறையில் எட்டு வருஷம். வீட்டுக்குள் வந்தால் எண்ணெய் வாடையோடு சத்தமும் கூடவே வரும். அப்படிப் பேசுகிற மனுஷர். அவர் திடீரென்று மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். குழந்தையை நீட்டினால் எழுந்து போய்விடுவார். "பொண்ணு பொறந்ததுல இவ்வளவு கசப்பா உங்களுக்கு?" என்று ஒருநாள் கத்தினேன். "உடம்பு முடியல" என்றார். நான் சட்டியையும் கரண்டியையும் போட்டு உடைக்காத குறையாக வேலை செய்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அவர் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களோடு மலையாளத்தில் சண்டை போட்டு ஜெயிக்கிறவர். இப்போது பக்கத்து வீட்டுச் சேச்சி நலம் விசாரித்தால்கூடத் தமிழில்தான் பதில் சொன்னார், அதுவும் ஒற்றை வார்த்தை. மலையாளம் அவர் நாக்கை விட்டுப் போய்விட்டது. சேச்சி எனக்காக ஒரு பாடு வருத்தப்பட்டாள். தெரு முழுக்க அந்த வருத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவள்தான்.

மில் தொழிலாளிகளுக்கு இன்சூரன்ஸ் வந்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆளுக்கொரு கார்டு. அதைக் கொண்டுபோனால் இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் மருந்து தருவார்கள், டாக்டர் சீட்டு எழுதினால் லீவுக்குப் பாதிச் சம்பளம் வரும், வேலையும் போகாது. டிஸ்பென்சரி டாக்டர் நல்ல மனுஷர். இரண்டு தடவை டானிக் கொடுத்து, லீவுச் சீட்டும் எழுதினார். மூன்றாம் தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது தன்னால் பார்க்கக்கூடிய நோவு இல்லை, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போகணும் என்று மெதுவாகச் சொன்னார். வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் காதிலும் அது விழுந்த மாதிரி எனக்கு முகம் எரிந்தது.

எங்கள் தெருவில் ஒருத்தரை "வடக்கே கொண்டுபோயிட்டாங்க" என்று சொன்னால், பூட்டிவைக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்படிப் போனவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தர்தான் திரும்பி வந்தார். வந்தவர் யாரையும் அடையாளம் தெரியாதவர் போல இருந்தார். டிஸ்பென்சரியிலிருந்து வீடு வரைக்கும் அந்த ஒரே சொல்தான் என் தலைக்குள் ஓடியது.

மனசு டாக்டர் என்றால் எங்கே போய்த் தேடுவது? பல் டாக்டர், கண் டாக்டர் மாதிரி போர்டு மாட்டிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்டதுமே விஷயம் தெரிந்துவிடும். என் தங்கைக்கு என்று பொய் சொல்லிக் கேட்டேன். கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்று அம்மா பிறகு என்னைத் திட்டியது நியாயம்தான்.

கடைசியில் இரண்டு பேர் அகப்பட்டார்கள். தேவராவில் ஒருவர், மெட்ராஸில் படித்த தமிழர், வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறவர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போட் ஏறி, பஸ் பிடித்து, முதலில் நான் மட்டும் போய் அவரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "அவர் பேசணும்மா. பேச வர்ற பாஷைல பேசணும். மருந்து அப்புறம்தான்" என்றார். அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். நான் கார்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் எழுதித் தருகிற சீட்டை மில் ஏற்காதாம். இன்சூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொண்ட டாக்டராக இருக்கணுமாம்.

அந்த ஒப்புக்கொண்ட டாக்டர் எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் சீட்டு எங்கேயும் செல்லும். ஆனால் அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது.

இரண்டு பேரிடமும் போயிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். என் கணவரை ஒரு தடவை சட்டை போடவைத்து வாசலைத் தாண்டவைக்க எனக்குப் பத்து நாள் ஆனது. இன்னும் இரண்டு வாரம் சீட்டில்லாமல் போனால் மில்லில் பேரை அடித்துவிடுவார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்து மலையாளம் நன்றாக வரும். அவர் சொல்வதை நான் எடுத்துச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கார்டுக்கு ஏற்ற டாக்டரையே தேர்ந்தெடுத்தேன்.

குழந்தையைச் சேச்சியிடம் விட்டுவிட்டுப் போனோம். டாக்டர் இளவயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். என்ன கஷ்டம் என்று கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். இன்றைக்கும் வாயே திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது தமிழில் ஆரம்பித்தார்.

"என் கைமேல எனக்கு நம்பிக்கை இல்ல டாக்டர். புள்ளையத் தூக்கினா கீழ போட்டுடுவேன்னு தோணுது. தவறி இல்ல. போடணும்னே தோணுது. கிணத்துப் பக்கம் போனா அந்த நெனப்பே வருது. எனக்கு அவ உசுரு. அதான் கைய அடில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ராத்திரியும் அப்படித்தான் படுக்கறேன்."

இந்த நோவு வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அந்த அறையில் அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்தாணு பறஞ்ஞது?" என்று கேட்டார், என்ன சொன்னார் என்று.

நான் வாயைத் திறந்தேன். மனசில் ஓடியது ஒன்றுதான்: இதை எழுதினால் வடக்கே அனுப்பிவிடுவார்கள். எழுதின காகிதம் மில் ஆபீசுக்குப் போகும். நாளைக்கு என் பெண்ணைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும், அப்பனே கொல்லப் பார்த்த பிள்ளை என்று சொல்வார்கள். இவ்வளவையும் நினைக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. கை நடுங்குகிறதாம், குழந்தை கை தவறி விழுந்துவிடுமோ என்று பயமாம், தூக்கமும் இல்லையாம் என்று மலையாளத்தில் சொன்னேன்.

அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று டாக்டர் கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

டாக்டர் அவர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நடுக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை என்றார். தூங்குவதற்கு மாத்திரை எழுதினார், ஒரு மாதத்துக்குச் சீட்டும் எழுதினார். நரம்புத் தளர்ச்சி என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அந்த ஒரு மாதம் நான் குழந்தையைக் கீழே இறக்கவில்லை. குளிக்கப் போனாலும் சேச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனேன். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரை தின்று தூங்கினார். தூக்கத்திலும் கை உடம்புக்கு அடியில்தான் இருந்தது. தன் பிள்ளைக்காகத் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்ட மனுஷர், ஒரே ஒரு தடவை வாய் திறந்து உதவி கேட்டிருக்கிறார், அதை நடுவில் நின்று பறித்துக்கொண்டது நான். மெல்ல மெல்ல அது எனக்கு உறைத்தது. அடுத்த தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். துணி துவைக்கும்போது அந்த வாக்கியங்களை மலையாளத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

இரண்டாம் தடவை போனோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் எப்படி இருக்கிறது என்று டாக்டர் அவரையே கேட்டுவிட்டார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல, தெளிவான மலையாளத்தில், இப்போது பரவாயில்லை, தூக்கம் வருகிறது என்று பதில் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. பேச்சு வந்துவிட்டதே, இனிமேல் நீங்கள் எதற்கு, வெளியே இருங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார். எழுந்து வந்துவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. நாக்கை விட்டுத்தான் மலையாளம் போயிருந்தது, காதை விட்டுப் போகவில்லை என்பது அந்த வராந்தாவில் நின்றபோதுதான் எனக்கு எட்டியது. போன தடவை நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். கை கதவு வரைக்கும் போனது. தள்ளவில்லை.

கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

போட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். கொச்சிக் காயலில் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"உள்ள டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன்.

"நீ சொன்னதையேதான் நானும் சொன்னேன்" என்றார்.