பூத்த புண்ணாக்கு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். வயதும் ஆயிற்று, முன்பின் மறந்துபோகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும். ஜிம்மியைக் கொன்றவள் நான். அதற்கு உங்கள் பொறுமை எனக்கு வேண்டாம்.

ஜிம்மி என் மருமகள் ஷீஜாவின் நாய். கல்யாணமாகி வந்த கையோடு நெய்யாற்றின்கரையில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். மகன் கல்ஃபில் இருந்தான். பாறசாலையை அடுத்த இந்த வீட்டில் நானும் அவளும்தான். அவள் நாயோடு பேசுவாள், என்னோடு பேசமாட்டாள். எனக்கு முகத்துக்கு நேரே சண்டை போடத் தெரியாது... அவளை வெறுக்கப் பயந்து நாயை வெறுத்தேன்.

அவள் டைப் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவாள். மத்தியானம் நாய்க்குச் சோறு வைப்பது என் பாடு.

வைகாசி நடுவில் பிடிக்கிற அந்த இடவப்பாதி மழையில், பசுவுக்கு வாங்கிய கடலைப் புண்ணாக்கு சாக்கோடு பூத்துப்போயிற்று. பச்சையும் கறுப்புமாகப் பூசணம். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தூர எறிய எனக்கு மனம் வரவில்லை. கசக்கிற மரச்சீனிக் கிழங்கை நாங்கள் எப்படித் தின்கிறோம்? கொதிக்கவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டால் கசப்பும் விஷமும் போய்விடும். புண்ணாக்கையும் அப்படியே கொதிக்கவைத்து, நீரைக் கொட்டி, கஞ்சியில் பிசைந்து தினமும் ஜிம்மிக்கு வைத்தேன்.

அது அறியாமல் செய்தது. அதற்காக நான் இதை எழுதவில்லை.

சில வாரத்தில் ஜிம்மி வாந்தி எடுத்தது. சோற்றைத் தொடவில்லை. மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போயிற்று. ஷீஜா அதை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினாள். அவர் ஜிம்மியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாராம், ஈறெல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டிருக்கிறது, தினமும் தின்கிற தீனியில் ஏதோ இருக்கிறது, பூத்த புண்ணாக்கு உண்டா என்று கேட்டாராம். பூசண விஷம் கொதித்தாலும் போகாது என்றாராம். காரணத்தை நிறுத்தினால் ஈரல் தன்னால் தேறிவரக்கூடும், பட்டினி போடாமல் கொழுப்பில்லாத கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலதடவை கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஷீஜா படியேறும்போதே கேட்டாள். "மாமி, மறைக்காம சொல்லணும். அந்தப் புண்ணாக்க இதுக்குக் குடுத்தீளா?"

"நான் எதுக்குக் குடுக்கேன்? மீன்காரி மேரி தெனமும் தலையும் வாலும் எறியா. அவகிட்டப் போய்க் கேளு."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளுக்கு...

ஷீஜா லீவு போட்டு வீட்டிலிருந்தாள். கஞ்சி, அவித்த முட்டையின் வெள்ளை, மாத்திரை என்று மடியில் வைத்துப் புகட்டினாள். கண்ணில் மஞ்சள் குறைந்தது. ஒருநாள் காலை ஜிம்மி வாலாட்டிக்கொண்டு அடுக்களை வாசல் வரை வந்தது. ஷீஜா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்டீளா மாமி? உங்க கை படாம இருந்தா போதும், அது தன்னால எழும்பும். டாக்டருக்கே தெரியாத வைத்தியமாக்கும்."

அவள் மறுபடி வேலைக்குப் போனாள். நான் சாக்கை அவிழ்த்தேன்.

தெரிந்துதான் செய்தேன். கேட்டுக்கொள்ளுங்கள், தெரிந்துதான். என் கொதிநீர் தோற்கவில்லை என்று காட்டவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் சிரிப்பு நிற்கவேண்டும் என்பதுதான் உள்ளே இருந்தது. முன்னைவிட அதிக நேரம் கொதிக்கவைத்தேன். ஜிம்மி என் கையை நக்கிவிட்டுத் தின்றது. மறுநாளும் வைத்தேன். அதற்கடுத்த நாளும்.

வயிறு ஊதி, நிற்கமுடியாமல், ஷீஜாவின் காலடியில் கிடந்து செத்தது. நான் அழுதேன். பிடிபட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அழுதேன்.

மேரி கூடையோடு வந்தபோது, என் பொய்யை நம்பி ஷீஜா வழி மறித்தாள். "இனி இந்த நடையில கால் சவிட்டாதே. கெட்ட மீன எறிஞ்சு என் நாயைக் கொன்னவளாக்கும் நீ."

மேரி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "எக்கா, என் பிள்ளையளுக்குக் குடுக்க மீனத்தான் அதுக்கும் போட்டேன். நீங்க கண்டதுதானே? ஒரு வாக்கு சொல்லுங்க."

"எனக்கொண்ணும் தெரியாது பிள்ளே."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். பிறகு இந்தப் பக்கமே அவளைக் காணவில்லை.

இனி சொல்வதுதான் கேவலம். அன்று இரவு ஷீஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமியும் கரைஞ்சு அழுதீளே, நான் கண்டேன்" என்றாள். அன்றுமுதல் என்னோடு பேசுகிறாள். என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். சொன்னால் இதெல்லாம் போய்விடும்... அதனால் சொல்லவில்லை. இப்போதும் சொல்லமாட்டேன். உங்களிடம் சொல்வது, நீங்கள் எனக்கு யாரும் இல்லை என்பதால்தான்.

மிருக வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பாருங்கள். மஞ்சள் எங்கே முதலில் தெரியும், எந்தப் பூசணம் ஈரலைத் தின்னும், டாக்டர் சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துத் தப்பைத் திருத்துங்கள். நான் செய்ததை எழுதின இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.