ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானிலிருந்து அக்கா போன் செய்தாள். குரல் மெல்லியதாக இருந்தது. என் அக்காவுக்குப் பதற்றம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"தம்பி, ஒடனே வா. கல்யாணம் பண்ணா நித்யாவுக்கு வேல போயிருமாம்."

நித்யா அவளுடைய ஒரே மகள். மூன்று மாதத்தில் கல்யாணம். கல்யாணம் செய்தால் நிம்மதி போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலையுமா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். விஷயம் இதுதான்.

நித்யாவும் அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் சதீஷும் ஒரே விமானக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பெரிய கம்பெனி இல்லை. சுபாங்கிலிருந்து பக்கத்து ஊர்களுக்குப் போகும், இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானங்கள். எந்த விமானி எந்த விமானத்தில் ஏறுவது, எந்தப் பணிப்பெண்ணுக்கு என்றைக்கு ஓய்வு என்று ரோஸ்டர் போடுவது நித்யாவின் வேலை. சதீஷ், பயணிகள் பெட்டியை எடை போடும் செக்-இன் கவுண்டரில் சூப்பர்வைசர். ஒரு நாள், வந்து சேராத விமானி எங்கே என்று கேட்டு அவன் போன் செய்தான். அவள் பதில் சொன்னாள். விமானி வந்துவிட்டார்... இவர்கள் போனை வைக்கவில்லை.

இப்போது பொருளாதாரம் படுத்துவிட்டது. ஜனங்கள் பஸ்ஸில் போகிறார்கள், அல்லது போவதே இல்லை. கம்பெனி எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. ஆட்குறைப்பைத் தவிர்க்க முடியவில்லை. ஆனாலும் எந்தக் குடும்பமும் அடியோடு வருமானம் இழந்துவிடக் கூடாது என்பதில் நிர்வாகத்துக்கு அக்கறை உண்டு. ஆகவே ஒரே குடும்பத்தில் இருவர் வேலை செய்தால், ஒருவர் விலக வேண்டும். யார் என்பதை மாதக் கடைசிக்குள் அவர்களே முடிவு செய்து எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கம்பெனி முடிவு செய்யும்.

இரண்டு முறை படித்தேன். நல்ல கடிதமாகத்தான் தோன்றியது. அதுதான் தொல்லை. கெட்ட கடிதமாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆனால் குடும்பம் என்றால் எது? கம்பெனி இப்படிக் கேட்டதும் ஆளாளுக்கு யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செலாயாங்கில் ஒரே வீட்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் அப்பாவும் மகனும் இரண்டே நாளில் இரண்டு முகவரிக்காரர்கள் ஆனார்களாம். மகன் சாப்பிடுவதும் தூங்குவதும் அதே வீட்டில்தான். அடையாள அட்டையில் மட்டும் தனிக்குடித்தனம்.

எங்கள் கதை இன்னும் சிக்கல். உங்களுக்குத் தெரியாததா... நம் ஊரில் முதலில் பதிவு, பிறகு தாலி. இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள். அந்த மாதங்களில் அரசாங்கத்துக்கு அவர்கள் கணவன் மனைவி. என் அக்காவுக்கு அவன் இன்னும் வெளியாள். நித்யாவைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனால் ஏழு மணிக்குள் கொண்டுவந்து விட வேண்டும். நித்யாவின் பதிவு அடுத்த மாதம். கம்பெனி அரசாங்கத்தின் கட்சி. பதிவு முடிந்தால் அவர்கள் ஒரு குடும்பம்.

"பதிவைத் தள்ளிப் போட்டுவிடலாமே" என்றேன். தாலியும் பதிவும் ஒரே நாளில். அதுவரை இரண்டு பேரும் இரண்டு குடும்பம். அக்கா என்னை மரியாதையோடு பார்த்தாள். ஒரு நிமிடம் நான் அந்த வீட்டின் அறிவாளியாக இருந்தேன்.

பிறகு அக்கா தன் போனை நீட்டினாள். அதில் ஒரு படம். கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் இரண்டு கையாலும் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தட்டில் வெற்றிலை, கல்கண்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டு. இரு பக்கமும் நித்யாவும் சதீஷும்.

கார்டு அச்சாகி வந்ததும் முதல் கார்டு பிள்ளையாருக்கு, இரண்டாவது ஆபீஸ் பெரியவருக்கு என்று சொன்னதே அக்காதான். ஜோடியாகப் போய், தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். பதிவு என்றைக்கு என்று மேனேஜர் அன்போடு கேட்டிருக்கிறார். இவர்கள் தேதியைச் சொல்லி, கையோடு திருமண லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மரியாதை விஷயத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆக, ஒளிக்க வழியில்லை. யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும்.

அன்று மாலையே ஜெஞ்சாரோமிலிருந்து சதீஷின் அப்பா வந்துவிட்டார். நல்ல மனிதர். டீயை ஊதிக் குடித்துவிட்டு, "பொண்ணு விடட்டும் லா. பிள்ள குட்டின்னு ஆனா எப்படியும் ஒரு நாள் விடத்தானே போவுது" என்றார். அக்கா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

நித்யாவும் சதீஷும் அப்போது வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் விமானம் பறக்கிறது. அவர்கள் வேலையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் வேலையை நாங்கள் முடிவு செய்தோம்.

நித்யாவிடம் சொல்வது யார்? தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்!

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ரசம் வரும்வரை வானிலை பேசினேன். பிறகு குடும்பம், விட்டுக்கொடுத்தல், பொறுமை என்று நான் வாரா வாரம் உங்களுக்குச் சொல்வதை எல்லாம் அவளுக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். என் அக்கா மகள், பாவம்.

"நான் வேலைய விட்டா சதீஷ் வேல தங்கும்னு யாரு சொன்னா, மாமா?"

எனக்குப் புரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினாள். அடுத்த சீசனுக்கான மீட்டிங்கில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். கவுண்டர் வேலை மொத்தமும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குப் போகப் போகிறது. சதீஷின் டிப்பார்ட்மென்டே இருக்காது. ரோஸ்டர் பிரிவில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர். அதற்குக் கீழே குறைத்தால் விமானம் கிளம்பாது. அதாவது அவள் விலகினால், கொஞ்ச நாளில் இருவருமே வீட்டில். மீட்டிங்கில் பேசியதை வெளியில் சொல்லவும் கூடாது.

சதீஷிடமாவது சொல்லலாமே என்றேன்.

"எப்படி மாமா சொல்றது? மீட்டிங்ல ஒக்காந்திருந்தது நானு. சொன்னா, நானே அவரு வேலைய எடுத்த மாதிரி இருக்கும்." அவள் கண் கலங்கியது. மிளகாய் என்றாள். நானும் மிளகாய் என்றே வைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது, இதை எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். பத்தி எழுதுகிறவனிடம் ரகசியம் சொல்வது, பூனையிடம் கருவாட்டைக் கொடுத்து வைப்பது மாதிரி. இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன் என்றால் அனுமதி வாங்கிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து சதீஷ் கூப்பிட்டான். தனியாகப் பேச வேண்டுமாம். கிள்ளானில் ஒரு மாமாக் டீக்கடையில் உட்கார்ந்தோம். கான்ட்ராக்ட் கம்பெனி ஆட்களுக்கு இரண்டு வாரமாகக் கவுண்டர் வேலை கற்றுக்கொடுப்பதே தான்தான் என்றான். புது யூனிஃபார்ம்கூட வந்துவிட்டதாம். தன் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது என்பதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் தானே விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக முடிவு செய்திருந்தான். நித்யாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ஆக, ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகக்காரர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். எனக்கென்னவோ ஒன்பது என்று தோன்றியது.

"சரி தம்பி, அவகிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

சதீஷ் டீ கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "வேல இல்லாத பையனுக்கு ஒங்க அக்கா பொண்ணு குடுப்பாங்களா, அங்கிள்?"

இந்தப் பக்கத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மாமியார் தொல்லைக்கு, மருமகள் தொல்லைக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு... அவனுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்துக்கு முன்னால் அக்கா விசாரித்தது சம்பளத்தில் இ.பி.எஃப். சேமநிதி பிடிக்கிறார்களா என்றுதான்.

வெட்கமாக இருந்தது. நித்யாவை வேலையை விடச் சொல்ல எனக்கு ஒரு சாப்பாட்டு நேரம் போதுமாக இருந்தது. ஆண் பிள்ளை வேலையை விடுகிறான் என்றதும் கல்யாணமே ஆட்டம் காண்கிறது. இதை எந்தக் கடிதமும் போடவில்லை. நாங்களே போட்டுக்கொண்ட விதி.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சதீஷ் சொன்னதைச் சொல்லிவிட்டு, அவன் கேட்டதையும் அப்படியே கேட்டேன். மெஷின் நிற்கவில்லை. ஒரு ஜாக்கெட்டின் கை முழுவதும் தைத்து முடித்தாள்.

"சாப்டியா?" என்றாள். அவ்வளவுதான். வேறு பதில் வரவில்லை. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.

மாதக் கடைசியில் சதீஷ் கையெழுத்துப் போட்டான். அன்றே நித்யாவிடமும் சொல்லிவிட்டான். இருவரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்களாம், பிறகு ஒரு மணி நேரம் அழுதார்களாம். ஜெஞ்சாரோமில் அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அக்கா பதிவுக்கு வருவாளா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வந்தாள். போன வெள்ளிக்கிழமை, கிள்ளானில் ஒரு கோயில் அலுவலகம். பதிவு செய்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனுவில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்து, சரியா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெயர், சரி. முகவரி, சரி.

"மாப்பிள்ளை தொழில், ஏர்லைன்ஸ் சூப்பர்வைசர். சரிதானே?"

சதீஷ் 'சரி' என்று சொல்லியிருக்கலாம். மனு கொடுத்த அன்றைக்கு அது உண்மைதான்.

"இல்ல சார். அந்த வேல போன வாரத்தோட முடிஞ்சிருச்சு. இப்ப வேல இல்ல."

அவன் அப்பா முதலில் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகனைப் பார்த்தேன். நித்யா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார் ஆசிரியர். அந்த அறையில் பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு போடுங்க சார்" என்றாள் அக்கா.

"அது தொழில் இல்லீங்களே, அம்மா."

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருஷம் அந்த வேல மட்டுந்தான் பாத்தாரு. நல்லாத்தான் பாத்தாரு."

அத்தான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது நித்யாவுக்கு மூன்று வயது. இரண்டு வருடம் அக்கா ஜாக்கெட் தைத்தாள். அத்தான் சோறு வடித்தார், பிள்ளைக்குத் தலை வாரினார், பிறகுதான் வேறு வேலை கிடைத்தது. இப்போது அவர் உயிரோடு இல்லை. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை. ஏதோ திருட்டுப் போன பொருள் மாதிரி, மூடியே வைத்திருந்தோம். அன்றுதான் அக்கா வாயால் கேட்டேன். எனக்கும் கண் கலங்கியது. மிளகாய் என்று சொல்ல அங்கே சாப்பாடும் இல்லை.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அந்தக் கட்டத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதினார். சதீஷின் அப்பா ஒரு பெரிய பெருமூச்சு விட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட என்னிடம் பேனா கேட்டார்.

மாப்பிள்ளை வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. ஆனால், நிரந்தரம்.